42 கிலோமீட்டர், அதற்கு மேல் 195 மீட்டர்

ஏழாம் வகுப்பில் வேகம், தொலைவு, காலம் நடத்தும்போது மாரத்தான் ஓட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொன்னேன். கரும்பலகையில் 42.195 கி.மீ. என்று எழுதியதும் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "42 சரி டீச்சர், அந்த 195 மீட்டர் எதுக்கு?"

நல்ல கேள்வி. 1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஓடினார்கள்; ஏறக்குறைய 40 கிலோமீட்டர். தண்ணீர் சுமந்து விற்ற ஸ்பிரிடான் லூயிஸ் என்ற கிரேக்கர் வென்றார். அடுத்தடுத்த ஒலிம்பிக்குகளில் பாதைக்கு ஏற்றபடி தொலைவும் மாறிக்கொண்டே இருந்தது. 1908இல் லண்டனில் வின்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு எதிரே முடியும்படி பாதை போட்டார்கள். அளந்தபோது அது 42.195 கிலோமீட்டராக இருந்தது. 1921இல் அதுவே நிலையான தொலைவாக ஏற்கப்பட்டது. எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு சுற்று 250 மீட்டர். அந்த 195 மீட்டர் அதில் ஒரு சுற்றுக்கும் குறைவு என்று சொன்னதும் பையனுக்குத் திருப்தி. "அதை நான் ஓடிடுவேன் டீச்சர், மிச்சத்தை நீங்க ஓடுங்க" என்றான்.

மிச்சத்தையும் சேர்த்தே ஓடினேன், கடந்த ஜனவரியில், சென்னையில், 46 வயதில். பள்ளி நாட்களில் விளையாட்டு விழாச் சான்றிதழ் ஒன்றுகூட வாங்காதவள் நான். ஆசிரியைகளுக்கான எலுமிச்சை கரண்டிப் போட்டியில் மூன்றாமிடம் வந்ததுதான் அதுவரையிலான சாதனை. அதனால் இந்தக் கட்டுரை ஓட்டப்பந்தய வீரர்களுக்கானது அல்ல. காலை 9 மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய, விடைத்தாள் திருத்த வேண்டிய, நாற்பதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்களுக்கானது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் எனக்கு 6.2 வந்தது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. என் அம்மாவுக்கு 48 வயதில் சர்க்கரை நோய் வந்தது, 61இல் டயாலிசிஸ். வாரம் இருமுறை அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவள் நான். 6.2 என்ற எண் எனக்கு வெறும் எண்ணாக இருக்கவில்லை.

ஓடும்போது சர்க்கரைக்கு என்ன ஆகிறது? ஓய்வாக இருக்கும்போது இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தசைக்குள் போக இன்சுலின் வாசலைத் திறந்துவிட வேண்டும். நீரிழிவுக்கு முந்தைய நிலையில் அந்தத் திறவுகோல் சரியாகத் திரும்புவதில்லை. ஆனால் சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் தானே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். வேலை செய்யும் தசைக்கு ஒரு பின்வாசல் உண்டு என்று மாணவர்களிடம் சொல்லலாம். அதற்கு நடையே போதும், மாரத்தான் தேவையில்லை. எனக்கு மாரத்தான் தேவைப்பட்டது, தேதி குறித்த ஒரு வேலை இல்லாவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பதால். ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் நீண்ட தூரம் ஓடக் கூடாது; சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். நாற்பதைத் தாண்டிய யாரும் இரத்த அழுத்தம், ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டு தொடங்குவதே முறை. பெண்கள் ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். அது 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. எனக்கு 10.6. வாரம் தவறாமல் மாணவிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் கை என்னுடையது! மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்ட பிறகுதான் மூச்சிரைப்பு குறைந்தது.

மெதுவாக ஓடுவதன் அறிவியல்

ஜூனில் பள்ளி திறந்த வாரம், காலை 5.15க்குப் பள்ளி மைதானத்தில் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி எட்டு முறை. மூன்றாம் நாள் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் பார்த்துவிட்டார். "மேடம், இவ்வளவு வேகம் எதுக்கு? பேசிக்கிட்டே ஓட முடியணும். முழு வாக்கியமாப் பேச முடியலைன்னா வேகத்தைக் குறைச்சிடுங்க" என்றார். பதினெட்டு மாதப் பயிற்சியில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த அறிவுரை இதுதான். ஓடிக்கொண்டே திருக்குறள் ஒன்றை முழுதாகச் சொல்லிப் பார்ப்பேன். ஏழு சீரும் தடையில்லாமல் வந்தால் வேகம் சரி.

மெதுவாக ஓடினால் எப்படிப் பயிற்சியாகும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மாரத்தான் ஆக்சிஜனை நம்பி ஓடும் ஓட்டம். மூச்சு வாங்காத வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தசைக்குள் நுண்ணிய இரத்த நாளங்கள் கூடுதலாகக் கிளைக்கின்றன. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இந்த வழியை உலகுக்குக் காட்டினார். 800 மீட்டர் ஓடுபவரையும் வாரக்கணக்கில் நெடுந்தூரம் நிதானமாக ஓடவிட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல்லும் முர்ரே ஹால்பெர்க்கும் தங்கம் வென்றார்கள். அதே லிடியார்ட், இதய நோயாளிகளையும் மெதுவோட்டம் ஓடவைத்தவர். 'ஜாகிங்' என்ற பழக்கம் அமெரிக்காவுக்கு அவரிடமிருந்துதான் போனது.

என் நாடித்துடிப்பைக் காலையில் படுக்கையிலேயே எண்ணிக் குறித்துவந்தேன். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 82. ஓராண்டில் 66. பத்தாம் வகுப்புக்கு இரத்த ஓட்டம் நடத்தும்போது இந்தக் குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். வரைபடத் தாளில் அவர்களே புள்ளி வைத்தார்கள்.

மெதுவாகப் போக இன்னொரு காரணம், உடலின் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். புதிதாக ஓடுபவர்கள் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுவார்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி தொடங்கும். பொறுத்துக்கொண்டு ஓடினால் எலும்பில் மெல்லிய விரிசல்வரை போகும். ஓடியதும் இரண்டு காலிலும் பரவலாக வலித்தால் அது தசைவலி, இரண்டு நாளில் போய்விடும். ஒரே காலில், விரலால் தொட்டுக்காட்டும் ஓரிடத்தில், ஓட ஓடக் கூடும் வலி வந்தால் நிறுத்த வேண்டும். வாரத் தூரத்தை முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது ஓட்டக்காரர்களிடையே பழகிய கணக்கு. மூன்று வாரம் கூட்டி, நான்காம் வாரம் குறைத்துக்கொண்டேன்.

முதல் ஜனவரியில் 10 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் கலந்துகொண்டேன். முழு மாரத்தான் அடுத்த ஜனவரிக்கு. ஆறு மாதத்தில் முழு மாரத்தான் என்று சிலர் சொல்வார்கள். இளைஞர்களுக்கு அது முடியலாம். நம் வயதில் எலும்புக்கு ஓராண்டு கூடுதலாகக் கொடுப்பதில் நட்டம் எதுவும் இல்லை.

ஞாயிறு

வேலை நாட்களில் செவ்வாய், வியாழன் 6 முதல் 8 கிலோமீட்டர், சனிக்கிழமை 4. மாடிப்படியில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற வலுப்பயிற்சி இரண்டு நாள். இதெல்லாம் துணைப்பாடம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம்தான் பாடநூல்.

செப்டம்பரில் 14 கிலோமீட்டரில் தொடங்கி 16, 18 என்று ஏற்றி, டிசம்பர் நடுவில் 30 கிலோமீட்டரைத் தொட்டேன். பயிற்சியில் 42 ஓட வேண்டாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். 30, 32க்கு மேல் போனால் உடல் தேற எடுக்கும் நாட்கள், கிடைக்கும் பலனைவிட அதிகம். கடைசி மூன்று வாரம் தூரத்தைப் படிப்படியாகக் குறைத்து, தசையைப் பழுதுபார்க்க விட வேண்டும். பொதுத்தேர்வுக்கு முந்தைய நாள் புதுப் பாடம் எடுக்காதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வோமே, அதேதான்.

நம் மாநிலத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஓட்டங்கள் குளிர் பார்த்து ஜனவரியை ஒட்டி நடக்கின்றன. அதற்கான பயிற்சியின் உச்சம் வடகிழக்குப் பருவமழையில் வந்து விழும். கூடவே அரையாண்டுத் தேர்வு. நவம்பரில் மூன்று ஞாயிறு மழையில் போயின. தூறலில் ஓடலாம், இடி மின்னலில் திறந்த மைதானத்தில் நிற்கவே கூடாது என்பதை நாமே பாடம் நடத்துகிறோம். விட்டுப்போன ஓட்டத்தை அடுத்த வாரத்தோடு சேர்த்து ஓட ஆசை வரும். சேர்க்காமல் அட்டவணையை அப்படியே தொடர்ந்தேன்.

பெண்ணாக ஓடுவது பற்றிச் சிறிது. இருட்டில் புறவழிச் சாலையில் தனியாக ஓட என்னால் முடியவில்லை. முதல் சில மாதம் கணவர் பின்னால் ஸ்கூட்டரில் வந்தார். பிறகு ஒரு கிராமச் சுகாதாரச் செவிலியரும், பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் இருவரும் சேர்ந்தார்கள். நான்கு பேராக ஓடினால் நாய்கூட யோசிக்கிறது. "இந்த வயசுல எதுக்கு?" என்ற கேள்வி தேநீர்க் கடையிலிருந்து வராமல் போன நாள் அதற்குப் பிறகுதான். 1967இல் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய கேத்ரின் ஸ்விட்சரை, போட்டி அதிகாரி ஒருவர் பாதையிலேயே பிடித்து இழுத்து வெளியேற்றப் பார்த்தார். அங்கே பெண்களை முறைப்படி அனுமதித்தது 1972இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984இல்தான். இந்தக் கதையைக் கேட்ட எங்கள் செவிலியர் சொன்னார்: "அப்போ நமக்கு நாய் மட்டும்தானே, பரவாயில்லை."

30ஆவது கிலோமீட்டரில் என்ன நடக்கிறது?

ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவர்' என்பார்கள். 30 கிலோமீட்டரை ஒட்டித் திடீரென்று கால் கனக்கும், தலை லேசாகும், இனி ஓரடிகூட வைக்க முடியாது என்று தோன்றும். இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு.

ஓடுவதற்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். என் எடை 61 கிலோ. ஆக மாரத்தானுக்கு ஏறத்தாழ 2,570 கிலோகலோரி. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்திருப்பது மொத்தம் 500 கிராம் என்று வைத்துக்கொண்டால், கிராமுக்கு 4 வீதம் 2,000 கிலோகலோரிதான். துண்டு விழுகிறது. கொழுப்பில் தாராளமாக இருப்பு உண்டு. ஒல்லியானவர் உடம்பிலும் பல மாரத்தானுக்குப் போதுமான கொழுப்பு இருக்கும். ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும் விறகு. வேகமாக ஓடினால் உடல் கிளைக்கோஜனையே அதிகம் எடுக்கும். நிதானமாக ஓடினால் கொழுப்பின் பங்கு கூடும். முதல் 10 கிலோமீட்டரை உற்சாகத்தில் வேகமாக ஓடியவர் 30இல் அதற்கான விலையைக் கொடுக்கிறார்.

ஆகவே மூன்று வேலைகள் செய்ய வேண்டும். முதல் இரண்டு நாள் சோறு, இட்லி, சப்பாத்தி போன்ற மாவுச்சத்தைக் கூட்டுவது. இரவுத் தூக்கத்தில் கல்லீரலின் இருப்பு குறைந்துவிடும் என்பதால் ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு எளிய உணவு. நான் சாப்பிட்டது நாட்டுச் சர்க்கரை தொட்ட இட்லி நான்கு. பிறகு ஓடும்போதே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்குக் கிடைக்கும், பேரீச்சம்பழமும் கைகொடுக்கும். கடலைமிட்டாய் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஓடிக்கொண்டே மென்றால் புரையேறுகிறது. எதைச் சாப்பிடப் போகிறோமோ அதை ஞாயிறு ஓட்டங்களிலேயே சாப்பிட்டு வயிற்றைப் பழக்க வேண்டும். ஓட்ட நாளில் புதிதாக எதையும் வாயில் போடக் கூடாது.

தண்ணீரும் உப்பும்

வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். நம் கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகும். வெப்பநிலை குறைவாகத் தெரிந்தாலும் உடல் சூடேறிக்கொண்டே போகும். 1908 லண்டனில் வெப்பமான ஒரு ஜூலை நாளில் முதலில் அரங்குக்குள் நுழைந்த இத்தாலியர் டொராண்டோ பியெட்ரி, திசை தவறி, பலமுறை விழுந்தார். அதிகாரிகள் தூக்கிவிட்டதால் வெற்றி அவரிடமிருந்து பறிபோனது. ஓடுபவர் தடுமாறினால், பேச்சு குழறினால், தலை கிறுகிறுத்தால் அது மன உறுதியைச் சோதிக்கும் நேரம் அல்ல. உடனே நிறுத்தி, நிழலில் அமர்த்தி, உடம்பெல்லாம் குளிர்ந்த நீர் ஊற்றி, மருத்துவ உதவிக்குச் சொல்ல வேண்டும். பள்ளி விளையாட்டு விழாவுக்கும் இது பொருந்தும்.

எவ்வளவு குடிப்பது? எடை பார்க்கும் கருவி சொல்லும். ஒரு ஞாயிறு ஓடுமுன் என் எடை 61.4, இரண்டு மணி நேரம் ஓடிய பின் 59.9. நடுவில் குடித்தது அரை லிட்டர். குறைந்த ஒன்றரையும் குடித்த அரையும் சேர்த்து, வியர்வை 2 லிட்டர்; மணிக்கு ஒரு லிட்டர். மாணவர்களுக்கு அருமையான செய்முறை இது. அதற்காக அத்தனையையும் குடித்து ஈடுகட்ட முயலக் கூடாது. தாகத்துக்குக் குடித்தால் போதும். அளவுக்கு மீறி வெறும் நீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வலிப்பு, மயக்கம்வரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களிடம் அது அதிகம் காணப்பட்டது. மெதுவாக ஓடும் நமக்கு இந்த அபாயம் கூடுதல், ஏனென்றால் குடிக்க நேரம் நிறைய.

இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். உப்புப் போட்ட நீர்மோரும், ஓ.ஆர்.எஸ். கரைசலும் எனக்குப் பொருந்தின. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் ஐபுபுரோஃபென் போன்றவை சிறுநீரகத்தைத் தாக்கும். டயாலிசிஸ் வார்டைப் பார்த்தவள் சொல்கிறேன்.

காலணி பற்றி நீளமாக எழுதலாம், தேவையில்லை. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது போய், பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். அக்குள், தொடை, காலிடுக்கு ஆகிய உராயும் இடங்களில் வாசலின் தடவ வேண்டும். தடவாமல் 20 கிலோமீட்டர் ஓடி வந்து குளித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1960இல் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி ரோமில் தங்கம் வென்றார். 1978இல் நம் சிவ்நாத் சிங் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிப் படைத்த தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அவரும் பல ஓட்டங்களை வெறுங்காலில் ஓடியவர். அவர்கள் கால் வேறு, நம் கால் வேறு.

ஓடிய நாள்

இருட்டோடு தொடங்கினோம். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே வைத்துக்கொண்டேன். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே பரப்பிய முறை இது. களைத்த பிறகு நடப்பதற்கும், களைக்குமுன் நடப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. என்னைக் கடந்து ஓடிய இளைஞர்களில் பலரை 28க்குப் பிறகு மீண்டும் பார்த்தேன்.

சுவர் எனக்கு 34இல் வந்தது. கெண்டைக்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. வெயில் ஏறிவிட்டது. குறளைச் சொல்லிப் பார்த்தேன். வாய் குழறவில்லை, தலை சுற்றவில்லை. ஆகவே இது ஆபத்து அல்ல, களைப்பு என்று முடிவு செய்தேன். அந்த முடிவை எடுக்கத் தெரிவதுதான் பதினெட்டு மாதப் பயிற்சியின் பயன் என்பேன். மிச்சம் 8 கிலோமீட்டர். பள்ளி மைதானத்தில் 32 சுற்று. இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றிக்கொண்டேன். 5 மணி 48 நிமிடத்தில் முடித்தேன். வேகம் எவ்வளவு என்று ஏழாம் வகுப்பு கணக்குப் போட்டது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ எட்டேகால் நிமிடம். "சைக்கிள்ல போயிருக்கலாம் டீச்சர்" என்று முன்வரிசை கருத்துத் தெரிவித்தது.

மார்ச்சில் எடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி 5.8. இன்னும் எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறேன், 5.7க்குக் கீழே இறங்கவில்லை. ஓட்டத்தோடு இரவுச் சோற்றின் அளவையும் குறைத்ததால் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவர் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. மாரத்தான் முடிந்து இரண்டு நாளைக்குத் தொடைத் தசைகளில் நுண்கிழிசல்கள் வீங்கி வலிக்கும். ஏறும்போது அவ்வளவு தெரியாது. இறங்கும்போதுதான் உயிர் போகும், ஏனென்றால் அப்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. எங்கள் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாடியில் இருக்கிறது. திங்களன்று கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்புறமாகப் படியிறங்கினேன். உங்கள் வகுப்பும் மாடியில் என்றால், தற்செயல் விடுப்பில் ஒரு நாளை ஜனவரிக்கென்று எடுத்துவையுங்கள்.